பூனைக்கண்ணும் பூர்வோத்தரமும்

மயிலாப்பூரில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், ஏறக்குறைய முடிவாகியிருந்த விவாகப் பேச்சு ஒன்று சென்ற தை மாதத்தில் முறிந்துபோயிற்று. ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணின் படிப்பிலும் குணத்திலும் பிள்ளை வீட்டார் யாதொரு குறையும் காணவில்லை. நிச்சயதார்த்தத்திற்கு நாள் பார்க்கும் தருணத்தில், பிள்ளையின் பெரியப்பா பெண்ணைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ‘பூனைக்கண்ணாக இருக்கிறதே! அந்த வம்சத்தில் எங்கேயோ வெள்ளைக்காரக் கலப்பு இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிற்று. அதே வட்டாரத்தில், கபாலீசுவரர் கோயிலுக்கு நாலு வீதி தள்ளி, மற்றொரு பெரியவர் தம் பேரனுடைய சாம்பல் நிறக் கண்களைச் சுட்டிக்காட்டி, ‘இது சுத்த ஆரிய ரத்தம், எங்கள் குலம் கலப்பற்றது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?’ என்று பேசியதை நாமே காதால் கேட்டிருக்கிறோம். ஒரே விதமான கண். ஒரு வீட்டில் அது கலப்புக்குச் சாட்சி, மற்றொரு வீட்டில் கலப்பின்மைக்குச் சாட்சி! உண்மையில் சாட்சி வாயே திறக்கவில்லை. கேட்டவர்கள்தாம் தமக்கு வேண்டியதை அதன் வாயில் வைத்துப் பேசிக்கொண்டார்கள்.

இது வெறும் திண்ணைப் பேச்சாய் நின்றுவிடுமானால் நாம் இதைப் பற்றி எழுத வேண்டுவதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்வும், அவளுடைய தாய், பாட்டி ஆகியோரின் மானமும் இதில் அடங்கியிருக்கின்றன. கண்ணின் நிறத்தைக் கொண்டு மனிதரை இனம் பிரிக்க முயன்றதால் உலகத்தில் நிகழ்ந்த கொடுமைகளும் கொஞ்சமல்ல. ஆகவே இன்றைய சாஸ்திரம் இவ்விஷயத்தில் அறிந்திருப்பதைச் சற்று விஸ்தாரமாகவே நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலாவது, கண்ணின் நிறம் என்பது யாது? நடுவிலுள்ள பாவையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அதன் நிறத்தையே நாம் கண்ணின் நிறம் என்கிறோம். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் மெலனின் என்ற பொருளே இவ்வளையத்திற்கும் நிறம் தருகிறது. அப்பொருள் மிகுந்திருந்தால் கண் கருமை கலந்த பழுப்பாகவும், குறைந்தால் தேன் நிறமாகவும், பின்னும் குறைந்தால் பச்சை அல்லது சாம்பல் நிறமாகவும், முன்புறத்தில் அநேகமாக இல்லாமற் போனால் நீலமாகவும் தோன்றும். நீலக் கண்ணில் நீலச் சாயம் என்பது அணுவளவும் இல்லை. ஆகாயத்தில் நீலச் சாயம் இல்லாதிருந்தும் ஒளி சிதறுவதால் அது நீலமாகத் தோன்றுவதைப் போன்றதே இதுவும். சாயமின்றியே நிறம் தோன்றும் இந்த வித்தையைத்தான், சென்னை ராஜதானிக் கலாசாலையில் பயின்ற ஸர் சி. வி. ராமன் 1921-இல் சீமைக்குச் சென்று திரும்பிய கடற் பிரயாணத்தின்போது கடலின் நீலத்தில் கண்டு ஆராய்ந்தார். எனவே பலரும் அதிசயிக்கும் நீலக் கண் என்பது ஏதோ ஒன்று கூடுதலாக உள்ள கண்ணன்று. நம் எல்லோரிடமும் உள்ள ஒன்று குறைந்த கண்ணே ஆகும். இதை நாம் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அதனால் பெருமைக்கும் இடமில்லை, சிறுமைக்கும் இடமில்லை என்பதே நம் கருத்து.

இனி, இந்நிறம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எவ்வாறு வருகிறது என்று பார்ப்போம். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் என்ற பாதிரியார் 1866-இல் பிரசுரித்த விதிகள் 1900-இல் மறுபடி வெளிச்சத்திற்கு வந்தன. உடனே அவற்றை மனிதரின் கண்ணுக்குப் பொருத்திப் பார்த்தனர். அமெரிக்காவில் டேவன்போர்ட் தம்பதிகள் 1907-லும், இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் என்பவர் 1908-லும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழுப்பு வல்லது, நீலம் மெல்லியது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து பழுப்பின் கூறு வந்தாலும் கண் பழுப்பாகும். இருவரிடமிருந்தும் நீலத்தின் கூறு வந்தால்தான் நீலமாகும் என்பது அக்கணக்கு. இதிலிருந்து, நீலக் கண்ணுடைய தம்பதிகளுக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறக்கவே முடியாது என்றொரு முடிவும் பிறந்தது. பள்ளிப் புத்தகங்களில் அது ஏறிற்று. அதைப் படித்துவிட்டு மனைவியைச் சந்தேகித்த கணவர்கள் எத்தனை பேரோ! அக்கணக்கு பாதிதான் மெய். அந்த முடிவோ பிசகு. நீலக் கண்ணுடைய இருவருக்குப் பழுப்புக் கண் குழந்தை பிறப்பது அபூர்வமாயினும் உண்மையில் நிகழ்வதே என்று இப்பொழுது நிச்சயமாய்த் தெரிகிறது.

ஏனெனில் இதில் வேலை செய்வது ஒரு கூறு அன்று, பல. 2008-இல் டென்மார்க், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகிய தேசங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே உழைத்து ஒரே உண்மையைக் கண்டார்கள். பதினைந்தாவது குரோமோசோமில் ஓ.சி.ஏ.2 என்றொரு மரபணு உண்டு. கண்ணில் மெலனின் உண்டாவதற்கு அது இன்றியமையாதது. ஆனால் அதை ஏற்றவும் இறக்கவும் செய்யும் விசையோ பக்கத்திலுள்ள ஹெர்க்2 என்ற வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது. விளக்கு கூடத்தில் இருக்க, அதன் விசை அடுத்த அறையில் இருப்பது போலக் கொள்ளலாம். அவ்விசையில் ஓர் எழுத்து மாறினால் விளக்கு மங்கிவிடும், கண்ணும் வெளுத்துவிடும். மனித தேகத்தின் மரபுச் சாஸனத்தில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று இது. பின்னர் 2021-இல் ஏறக்குறைய 1,95,000 பேரை வைத்து நடத்திய பெரிய ஆராய்ச்சி ஒன்று, முன்பு தெரிந்தவற்றோடு புதிதாக ஐம்பது இடங்களும் கண்ணின் நிறத்தில் பங்கு கொள்வதாகக் காட்டிற்று. ஆசியர்களின் கண்களில் காணும் பழுப்பின் ஏற்றத்தாழ்வுகளிலும் இவற்றுட் சிலவற்றுக்குப் பங்குண்டு என்று அதே ஆராய்ச்சி கூறுகிறது. பங்குனி அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதியில் நிற்கும் கூட்டத்தை ஒருவர் உற்று நோக்கினால், ‘கருங்கண்’ என்று நாம் பொதுவாகச் சொல்லுவதில் எத்தனை பேதங்கள் உள்ளன என்பதைத் தாமே காணலாம்.

நிற்க, நமது தேசத்திற்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே கூற வேண்டும். பழுப்புக் கண்ணுடைய தாய் தந்தையர்க்குச் சாம்பல் நிறக் கண்ணோடு ஒரு குழந்தை பிறந்தால், ‘எங்கிருந்து வந்தது?’ என்று ஊரார் கேட்கிறார்கள். அதற்கு விடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெல்லிய கூறு தலைமுறை தலைமுறையாக வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். இரு பக்கத்திலிருந்தும் அது ஒருங்கே வந்து சேரும்போதுதான் தலைகாட்டும். அத்தை மகளையும், மாமன் மகளையும், சில குடும்பங்களில் அக்காள் மகளையுமே விவாகம் செய்யும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. 2019 முதல் 2021 வரை மத்திய அரசாங்கத்தார் நடத்திய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படியும் தமிழ்நாட்டு விவாகங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை உறவுக்குள் நடந்தவையே. மூன்று நான்கு தலைமுறைக்கு முந்திய ஒரே பாட்டனாரின் மறைந்த கூறு, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, உறவு விவாகத்தில் மறுபடி ஒன்று சேருகிறது. அவ்விதம் பிறக்கும் பூனைக்கண், அன்னியன் ஒருவன் குடும்பத்துக்குள் புகுந்ததைக் காட்டவில்லை. குடும்பம் தனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததையே காட்டுகிறது. மேற்சொன்ன பெரியப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அறியோம்.

வெள்ளைக்காரக் கலப்பே இவ்வூரில் நிகழவில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. மயிலைக்கு அடுத்த சாந்தோமில் போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே குடியேறினர். லஸ் கோயிலின் கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1639-இல் இங்கிலீஷ்காரர் கோட்டைக்கு இடம் பெற்றனர். அதற்கும் முன்னதாகவே அராபியரும் பிறரும் இக்கரைக்கு வியாபாரத்திற்காக வந்து போயிருக்கின்றனர். துறைமுகப் பட்டினத்தில் ஜனங்கள் கலவாதிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், ஐந்நூறு வருஷத்திற்கு முன், அதாவது சுமார் இருபது தலைமுறைக்கு அப்பால், மூதாதையர் ஸ்தானங்கள் பத்து லக்ஷத்துக்கு மேலாகின்றன. உறவு விவாகத்தால் ஒரே ஆள் பல ஸ்தானங்களை வகிப்பார் என்பதையும் தள்ளிக்கொள்வோம். அப்போதும் மிஞ்சுவது ஒரு பெருங்கூட்டமே. அக்கூட்டத்தில் யாரோ ஒருவரிடமிருந்து ஓர் எழுத்து வந்திருக்கிறது என்பதைத்தான் கண்ணின் நிறம் சொல்லக்கூடும். அந்த ஒருவர் யார், எந்தத் தேசத்தார், எப்பொழுது வந்தார் என்பதை அது சொல்லாது. வேறு ஆயிரக்கணக்கான மூதாதையரிடமிருந்து அதே மனிதருக்கு வந்த குணங்களைப் பற்றியும் அது ஒன்றும் பேசாது.

‘ஆரியக் கண்’ என்ற பெருமைக்கு வருவோம். நீலக் கண்ணும் வெள்ளைத் தோலும் பிரியாத ஜோடி என்பது பலருடைய எண்ணம். ஸ்பெயின் தேசத்து லா பிராணா குகையில் கிடைத்த, சுமார் 7,000 வருஷத்துக்கு முந்திய ஒரு வேட்டைக்காரனின் பல்லை 2014-இல் பரிசோதித்தபோது, அவன் கண் நீலமாகவும் தோல் கறுப்பாகவும் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் செடார் மலையிடுக்கில் கிடைத்த பழைய மனிதன் விஷயத்திலும் 2018-இல் அவ்விதமே சொல்லப்பட்டது. இதற்கு மாறாக, இன்று இந்தோ-ஐரோப்பிய பாஷைகளைப் பரப்பியோர் என்று கருதப்படும் யாம்னாயா மக்கள், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் சுமார் 5,000 வருஷத்துக்கு முன் மாடு மேய்த்தவர்கள், பெரும்பாலும் பழுப்புக் கண்ணினர். அவர்களுக்குப் பிற்பட்ட காலத்தில் சைபீரியப் புல்வெளியில் புதைக்கப்பட்டவர்களுள் வெளிறிய கண்ணினர் பலர் இருந்ததும் உண்மை. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் கறுத்த தோலில் நீலக் கண்ணும், பாஷையைக் கொண்டு வந்தவர்களிடம் பழுப்புக் கண்ணும் காணப்படுகையில், கண்ணைப் பார்த்து வேதகால ரிஷிகளின் கோத்திரத்தைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

இந்தக் குழப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது என்றால், பாஷையை ரத்தமாக்கிய பிழையிலேயே இருக்கிறது. சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல என்று நிலைநாட்டினார். 1856-இல் கால்டுவெல் பாதிரியார் அதை விரிவான இலக்கணமாக்கினார். இவை பாஷையைப் பற்றிய உண்மைகள். இவற்றை மனிதருக்கு மாற்றி, ஆரிய ஜாதி, திராவிட ஜாதி என்று பிறர் பிரித்தார்கள். ஆரியர் என்ற சொல்லை ஐரோப்பாவெங்கும் பரப்பிய மாக்ஸ் முல்லரே 1888-இல் மனம் நொந்து, அச்சொல் பாஷைக்கு மட்டுமே பொருந்தும், ஆரிய ரத்தமென்றும் ஆரியக் கண்ணென்றும் பேசுவது பெரும் பிழை என்று கண்டித்தார். வேடிக்கை என்னவென்றால், அதே 1888-இல் தான் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சங்கத்தின் பிளாவட்ஸ்கி அம்மையார், மூல ஜாதிகள் ஏழு என்றும் அவற்றுள் ஐந்தாவது ஆரியம் என்றும் வகுத்த தமது பெரிய புஸ்தகத்தை வெளியிட்டார். பண்டிதரின் எச்சரிக்கையைக் கேட்டவர் சிலர். அம்மையாரின் கற்பனையைக் கேட்டவர் பலர். நம் லோகமான்ய திலகர்கூட 1903-இல் வேதகாலத்தவரின் ஆதி வாசஸ்தலம் வடதுருவம் என்று எழுதினார். அவர்பால் நமக்குள்ள பக்தி அக்கொள்கையை ஏற்கும்படி நம்மைக் கட்டாயப்படுத்தாது.

அளவுகோல் எடுத்துக் கொண்டு அலைந்தவர்களும் உண்டு. எழும்பூர் மியூசியத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், இம்மாகாணத்து ஜாதிகளின் தலையையும் மூக்கையும் அளந்து, ரங்காச்சாரியாரின் உதவியுடன் 1909-இல் ஏழு தொகுதிகளாகப் பிரசுரித்தார். மூக்கு அகன்றால் அந்தஸ்து தாழும் என்பது ரிஸ்லி துரையின் சித்தாந்தம். அளந்தவர் ஆள்வோர், அளக்கப்பட்டவர் ஆளப்படுவோர். அந்த ஏற்பாட்டில் யாருடைய மூக்கு உயர்ந்ததென்று முடிவாகும் என்பதை அளப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்! ருடால்ப் மார்ட்டின் என்பவர் கண்ணாடியால் பதினாறு கண்கள் செய்து, ஒரு தகட்டில் பதித்து, மனிதர் முகத்தருகே பிடித்து ஒப்பிடும் கருவியை அமைத்தார்.

இக்கருவிகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை நாம் மறக்கலாகாது. பெர்லினில் ஆய்கன் பிஷர் என்பவரைத் தலைவராகக் கொண்டு மனித இன ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1927-இல் ஏற்பட்டது. அங்கே நமது தேசத்துப் பெண்மணி ஒருவர் மாணவியாகச் சென்றார். பர்மாவில் பிறந்ததால் அந்நாட்டு நதியின் பெயரைத் தாங்கிய ஐராவதி கார்வே அவர். விதவா விவாகத்துக்கும் ஸ்திரீ கல்விக்கும் உழைத்த மகரிஷி கார்வேயின் மருமகள். வெளிறிய கண்ணுக்குப் பேர்போன சித்பவன் குலத்தில் பிறந்தவர். அக்குலத்தார் எத்தேசத்திலிருந்து கப்பலேறி வந்தார்களோ என்று வெள்ளைக்காரர் பலவாறு ஊகித்ததுண்டு. ஐரோப்பியரின் மண்டையோட்டுக்கும் பிறருடையதற்கும் புத்தியின் ஏற்றத்தைக் காட்டும் பேதம் இருக்கும் என்பது ஆசிரியரின் எதிர்பார்ப்பு. ஐராவதி அளந்து பார்த்தார். அவ்விதப் பேதம் இல்லை என்று தமது நிபந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். 1930-ஐ ஒட்டிய அக்காலத்தில், அந்த ஊரில், அந்த ஆசிரியரிடம் இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அவர் தாயகம் திரும்பிச் சில வருஷங்களுக்குப் பிறகு அதே நிலையத்தில் காரின் மாக்னுஸன் என்ற பெண் கண்ணின் நிறத்தை ஆராய்ந்தாள். அவளுக்கு அவுஷ்விட்ஸ் சிறைமுகாமிலிருந்து மெங்கலே என்ற வைத்தியன், இரண்டு கண்ணும் இரு நிறமாயிருந்த ஒரு குடும்பத்தாரின் கண்களை, அவர்கள் மாண்டபின் எடுத்து அனுப்பினான். அக்குடும்பத்தார் ரோமா இனத்தின் ஒரு கிளையான சின்டி மக்கள். ஆயிரம் வருஷங்களுக்கும் முன்பே இந்தியாவிலிருந்து புறப்பட்டு மேற்கே சென்றவர்களின் சந்ததியார் அவர்கள். ஆரியப் பெருமை பேசிய அரசாங்கம், ஆரியாவர்த்தத்திலிருந்தே சென்றவர்களின் கண்களைத் தோண்டிற்று. இதைவிட அச்சித்தாந்தத்துக்கு வேறு கண்டனம் நாம் எழுதத் தேவையில்லை.

நமது விஞ்ஞானிகள் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. ஹைதராபாத்திலுள்ள உயிரணு ஆராய்ச்சி நிலையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 2009-இல் 25 ஜாதியாரைச் சேர்ந்த 132 பேரைச் சோதித்தார்கள். 2013-இல் இன்னும் விரிவாக 73 வகுப்பினரைச் சோதித்தார்கள். கண்டது யாதெனில், இந்தியப் பெருநிலத்தில் வசிப்போர் அநேகமாக எல்லோருமே இரண்டு பழைய ஜனக்கூட்டங்கள் வெவ்வேறு அளவில் கலந்ததால் உண்டானவர்கள். அக்கலப்பு சுமார் 4,200 வருஷத்துக்கும் 1,900 வருஷத்துக்கும் இடையே நடந்தது. அதன்பின் ஜாதிக்குள் ஜாதி என்று விவாகம் குறுகிப் போயிற்று என்பதே. அளவில் வித்தியாசம் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கலவாதவர் என்று மார்தட்டுவதற்கு மாட வீதியிலும் ஆளில்லை, மாம்பலத்திலும் ஆளில்லை.

மாம்பலம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே எழுந்த நகருக்குப் பெயர் தந்த தியாகராயச் செட்டியார் 1916-இல் தொடங்கிய இயக்கத்தின் காலம் முதலே ஆரியர், திராவிடர் என்னும் பெயர்கள் இம்மாகாணத்து மேடைகளில் முழங்கி வருகின்றன. உத்தியோகத்திலும் கல்வியிலும் அன்றிருந்த ஏற்றத்தாழ்வு கண்கூடாகத் தெரிந்த விஷயம். அதை நீக்கக் கோருவதற்கு எவருடைய ரத்தத்தையும் பரீட்சிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் போதும். மேடையேறும் இரு கட்சித் தொண்டர்களுக்கும் இதை நாம் வற்புறுத்திச் சொல்லுகிறோம். இப்பொழுதோ அதே தியாகராய நகரில், விலை கொடுத்தால் கண்ணின் நிறத்தை மாற்றிக் காட்டும் ஒட்டுக் கண்ணாடிகளை விற்கிறார்கள். எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பினால் மூதாதையர் பட்டியலும் கண் நிறத்தின் ஜோசியமும் தபாலில் வருகின்றன. ஆறு எழுத்துக்களைப் பார்த்து நிறம் சொல்லும் முறை 2011-இல் ஏற்பட்டது. அது நீலத்தையும் கரும்பழுப்பையும் நன்றாகவே கணிக்கும். இடைப்பட்ட நிறங்களில் தடுமாறும். ஐரோப்பியரை வைத்துத் திருத்தப்பட்ட கணக்கு அது. நம்மவருடைய பூனைக்கண்ணோ பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நிறத்தையே சேர்ந்தது.

கண்ணின் நிறத்தைக் கண்டு கவலைப்பட வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதை எவரும் கவனிப்பதில்லை. கறுத்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தையின் இரு கண்ணுமோ ஒரு கண்ணோ பளிச்சென்ற நீலமாயிருந்து, நெற்றி மயிரில் ஒரு கற்றை நரைத்தும் காணப்பட்டால், அது வார்டன்பர்க் என்ற டச்சு வைத்தியர் 1951-இல் விவரித்த பிறவிக் குறையாக இருக்கலாம். கண்ணுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் காதின் உள்ளறையிலும் இருக்க வேண்டியவை. அவை அங்கே இல்லாமற் போவதால் இக்குழந்தைகளில் பலருக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. உற்றார் கண்ணைப் பற்றி வம்பு பேசி முடிப்பதற்குள், பேச்சுக் கற்கும் வயது கழிந்துவிடுகிறது. இத்தகைய கண்ணுடன் பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே செவிப் பரீட்சை செய்விக்க வேண்டும். செவிக்குள் பொருத்தும் கருவிக்கு நமது மாகாண அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. சிறு வயதிலேயே பொருத்தினால்தான் குழந்தை நன்றாகப் பேசக் கற்கும்.